ஆசீர் சாரின் நீலக் கயிறு

செய்தி வந்தபோது நான் ஒரு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் எட்டாம் எண்ணைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். அவருடைய புது வண்டிக்குக் கிடைத்த பதிவு எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். சனி வந்து உட்கார்ந்துகொள்ளும், வண்டியே வேண்டாம் என்கிறார். நடுவில் கைபேசியில் ஹெலன் அக்காவின் பெயர் வந்தது. துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது அவர் அழவில்லை. "வசந்தி, அவர் போயிட்டாரு. பத்தே காலுக்கு" என்று மட்டும் சொன்னார். லைனில் இருந்த வாடிக்கையாளர் "ஹலோ, ஹலோ, எட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். ஆசீர் சாருக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று மூன்று வாரமாகவே எனக்குத் தெரியும். யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டுமா, யாருக்கும் தெரியாமல் மறைத்தும் வைத்தேன். இப்போது அவர் மனைவி ஹெலன் அக்கா, ஞாபகார்த்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுக்கப்போகும் சின்னப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நல்லவர், வல்லவர், தேவனுக்குப் பயந்தவர் என்று எழுதிவிட்டுப் போகலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் இதைச் சொல்லாமல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆனாலும் சேலையூரில் சபையில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்கு அவருடைய வேலை தெரியாது. கேளம்பாக்கத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியின் கார்களை விற்கிற ஷோரூமில் நாங்கள் இருவரும் பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் முன்மேசையில் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு பேசுகிறவள். அவர் பின்னால் யார்டில், புது வண்டியைக் கடைசியாகச் சோதித்து அனுப்புகிறவர். அவர் 'சரி' என்று சொல்லாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. கம்பெனியின் பெயரை எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அவரும் பெயர் சொல்ல மாட்டார், 'நம்ம ஜப்பான்காரன்' என்பார், ஏதோ சொந்தத் தாய்மாமனைச் சொல்வது போல.

அவருடைய விரலை யாரும் மறந்திருக்க முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் வந்து நிமிர்ந்து நிற்பார். வலது கை ஆட்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, சத்தமாகச் சொல்வார். "வலது விளக்கு, சரி. இடது விளக்கு, சரி. வலது கண்ணாடி, சரி. இடது கண்ணாடி, சரி." தொழிற்சாலையில் பழகியதாம். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள்கூட இப்படித்தான் சிக்னலைச் சுட்டிக்காட்டிச் சொல்வார்களாம். சேல்ஸ் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே மாதிரி விரல் நீட்டி "பிரியாணி, சரி. லெக் பீஸ், சரி" என்று கலாட்டா செய்வார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு, "வெங்காயப் பச்சடிய விட்டுட்டீங்களே" என்பார்.

நான் பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுகிற ஜாதி. ஒருநாள் வேலைக்குப் போக அவருடைய காரில் கேம்ப் ரோடு முனை வரை வந்துவிட்டு, கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் நான் விழித்தபோது அவர் சொன்னார்: "மேடம், கண்ணு ஏமாத்தும். விரலை நீட்டி வாயால சொல்லுங்க. விரலும் வாயும் சேர்ந்துட்டா பொய் சொல்ல முடியாது." அன்றிலிருந்து நானும் "கேஸ், சரி. பூட்டு, சரி" என்று சொல்லித்தான் கிளம்புகிறேன். எதிர் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும். அந்த விரலும் வாயும் ஒருநாள் சேர்ந்து பொய் சொல்லும் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மூன்றரை மணி டீ நேரத்தில் அவர் ஜப்பான்காரன் கதையை ஆரம்பிப்பார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் கார் செய்தவரே இல்லையாம், தறி செய்தவராம். ஒரே ஒரு நூல் அறுந்தாலும் தானாக நின்றுவிடும் தறி. பிறகு அவர் மகன்தான் காரில் இறங்கினாராம். "மத்த தறியெல்லாம் நூல் அறுந்தது தெரியாம நெய்துகிட்டே போகும் மேடம். கடைசியில துணி முழுக்க ஓட்டை. இது நிக்கும். நிக்கறதுல வெட்கம் இல்ல, நிக்காம ஓடறதுலதான் வெட்கம்." அவர்கள் முதன்முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார் அங்கே பெரிய சாலையில் வேகம் பிடித்ததும் நடுங்கியதாம், மேட்டில் சூடேறித் திணறியதாம். அதை ஒளிக்காமல் விற்பனையை நிறுத்திவிட்டு, ஊருக்குப் போய் வேறு வண்டி செய்துகொண்டு வந்தார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது ஏதோ தன் மகள் பரீட்சையில் தேறினது போல முகம் மலரும்.

எட்டைப் பற்றியும் ஒரு கதை உண்டு. குடும்பப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றித்தான் கம்பெனிக்குப் பெயர் வைத்தார்களாம். மாற்றினால் அவர்கள் எழுத்தில் எட்டே கோடு வரும், எட்டு அவர்களுக்கு ராசி. எட்டு வேண்டாம் என்று என் மேசையில் வந்து சண்டை போடும் ஒவ்வொருவரையும் பார்த்து அவர் உள்ளே போய்ச் சிரிப்பார். "அங்க எட்டுன்னா லட்சுமி, இங்க எட்டுன்னா சனி. நடுவுல மாட்டிக்கிட்டது வண்டி."

நம் பக்கத்து மக்களுக்கு ஜப்பான்காரன் வண்டி என்றால் ஏன் அவ்வளவு உயிர் என்று நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்த புதிதில், பெட்டி மாதிரி இருந்த அந்தப் பெரிய வண்டிதான் வேலைக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது. குடும்பம் மொத்தமும் வேளாங்கண்ணிக்குப் போவதென்றால் அதுதான். எட்டுப் பேர் இடத்தில் பன்னிரண்டு பேர், மடியில் குழந்தை, மேலே மூட்டை. டிரைவர்கள் வந்து, "அது வழியில நின்னு நான் பார்த்ததே இல்ல சார்" என்று புகழ்வார்கள். ஆசீர் சாருக்கு அந்தப் புகழ்ச்சி பிடிக்காது. "கெடவே கெடாதுன்னு ஒரு பொருளை நம்பறது நம்பிக்கை இல்ல மேடம். கெட்டா நம்மகிட்ட சொல்லிடும்னு நம்பறதுதான் நம்பிக்கை" என்பார்.

இனி அந்தக் கயிறு. வெளிமாநிலத்தில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் அவர் ஒன்பது வருடம் இருந்தவர். அங்கே வண்டிகள் நகர்ந்துபோகும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு ஓடுமாம். குறை ஒன்றைக் கண்டவர் யாராக இருந்தாலும் அதை இழுக்கலாம், வரிசையே நின்றாலும் பரவாயில்லை. மேற்பார்வையாளர் ஓடி வருவார். வந்ததும் அவர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை நன்றி. இரண்டாவது, என்ன பார்த்தீங்க என்ற கேள்வி. திட்டுவதற்கு இடமே கிடையாது. எங்கள் யார்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைக் கட்டி, ஞாயிறு பள்ளியில் வேண்டாம் என்று ஒதுக்கிய சின்ன வெண்கல மணியை அதில் தொங்கவிட்டார்.

ஆறு மாதம் அந்த மணி வாயைத் திறக்கவில்லை. வண்டி கழுவும் சரசாவிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் எல்லாக் குறையும் தெரியும். ஆனால் சொன்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகும், யாருக்காவது திட்டு விழும், நமக்கு எதுக்கு வம்பு. அடுத்தவர் குறையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதற்கு நம் அலுவலகங்களில் மரியாதை என்று பெயர்.

கடைசியில் மணியை அடித்தவர் வெளியாள். கோவளத்தில் மீன் விற்கும் பாஞ்சாலி அக்கா தன் குடும்பத்துக்கு முதல் கார் எடுக்க வந்திருந்தார். யார்டுக்குள் நுழைந்ததுமே, "இன்னா சார் இது, கோயில் மணி மாரி தொங்கினு கீது?" என்று கேட்டார்.

"குறை ஏதாவது தெரிஞ்சா இழுக்கறதும்மா. யார் வேணாலும் இழுக்கலாம்."

"நான் கூடவா?"

"நீங்கதான் முதல்ல இழுக்கணும். வண்டி உங்களோடது."

மாலை போட்டாயிற்று, கற்பூரம் ஏற்றியாயிற்று, ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பாஞ்சாலி அக்கா நடு சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. "புதுசுல அப்படித்தான்க்கா இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்றான் சேல்ஸ் பையன். அவர் இறங்கினார், நேராகப் போனார், வலை இழுத்த கையால் கயிற்றை ஒரு இழு இழுத்தார். கயிறு அறுந்து, மணி வந்து கற்பூரத் தட்டில் விழுந்தது!

ஆசீர் சார் ஓடி வந்தார். மூச்சிரைக்க, "தேங்க்ஸ்மா. என்ன பார்த்தீங்க, சொல்லுங்க" என்றார். சீட்டுக்கு உறை போட்ட எங்கள் ஆட்கள் பெல்ட்டை அடியில் வைத்து இறுக்கியிருந்தார்கள். பிரித்துச் சரிசெய்வதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. மேலாளர் பல்லைக் கடித்தார். பாஞ்சாலி அக்காவோ, "வந்தா வந்துட்டுப் போவுது சார். ஒன்றரை மணி நேரம் குந்திகினு இருந்தா தானா போயிடும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவருடைய தம்பி ஒரு நீலக் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா குட்த்துச்சு. படகு கட்ற கயிறு. ஆனை இஸ்த்தாலும் அறாது." அந்த நீலக் கயிறுதான் இன்றைக்கும் அங்கே தொங்குகிறது.

நான் அதை ஒரே ஒரு தடவை இழுத்திருக்கிறேன். ஏதோ கருகும் வாசனை. வண்டி பற்றிக்கொண்டது என்று நினைத்து, பதறி இழுத்ததில் மொத்த யார்டும் வெளியே ஓடியது. பார்த்தால் வாட்ச்மேன் அண்ணாவின் கொசுவத்தி. அவமானத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆசீர் சார் மட்டும் சிரிக்கவில்லை. "தேங்க்ஸ் மேடம்" என்றார். பிறகு டீ குடிக்கும்போது, "தப்பா இழுத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். இழுக்காம விட்டா, தெரியறப்போ நேரம் போயிருக்கும்" என்றார். இவ்வளவும் கேட்டு வைத்திருந்தவள்தான் நான்.

அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. பூஜையின்போது சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை அவர்தான் செய்வார். வேதக்காரர் எலுமிச்சை வைக்கிறாரே என்று யாராவது கேட்டால், "டயர் என் பொறுப்பு, அதுக்கு அடியில இருக்கறதும் என் பொறுப்பு" என்பார். அன்று வலது பக்கம் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். பிறகு வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் வந்து நிமிர்ந்து நின்று, விரலை நீட்டி, "எலுமிச்சை நாலு, சரி" என்றார். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. வேடிக்கை காட்டுகிறார் என்று வாடிக்கையாளர் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மீதி இரண்டு பழமும் அவருடைய இடது கையிலேயே இருந்தன. நான் போய் அவற்றை எடுத்தேன். என்னைப் பார்த்து, "எங்க இருந்து எடுத்தீங்க மேடம்?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அன்றே கயிற்றை இழுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வயசாகுது, அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குவதையும் அப்படித்தானே விட்டிருக்கிறேன். அவர் ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. விரல் நீட்டும் சோதனையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் டேப்லெட்டில் டிக் அடிக்க வைக்கலாம் என்று மேலாளர் காரணம் தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் சாரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினான்கு வருடம் 'சரி' சொன்ன மனிதரைப் பார்த்து 'நீங்க சரியில்ல' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் ஒவ்வொரு வண்டிக்கும் 'சரி' சொல்லிவிட்டு நகர்ந்ததும், மாலையைச் சரிசெய்கிற சாக்கில் நான் யார்டுக்குப் போவேன். இடது பக்கத்தை மட்டும் நான் பார்ப்பேன். ஒரு வண்டியில் இடது விளக்கின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருந்தது. இன்னொன்றில் இடது பின்சக்கரத்தில் காற்று குறைவு. மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வைத்து, "சாருக்குத் தெரிய வேணாம்" என்றேன். அவனும் புரிந்ததுபோலத் தலையாட்டினான். மூன்று வாரம் இப்படி நடந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது, கடவுள் மன்னிக்கட்டும். ஒரு நல்ல மனிதரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தேன்.

"குறையைப் பார்த்துட்டு, யாருக்கும் தெரியாம சரி பண்ணி அனுப்பறவன் உதவி பண்ணல மேடம். அந்தக் குறைய வளர விடறான்" என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அது மட்டும் ஏனோ எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

தினமும் அவருடைய பழைய பெட்டி வண்டியில்தான் நாங்கள் சேலையூரிலிருந்து மேடவாக்கம், மாம்பாக்கம் வழியாக வேலைக்குப் போவோம். அவருக்கு இடது பக்கம் என் சீட். எலுமிச்சைக்கு மறுவாரம், மாம்பாக்கம் தாண்டி ஓரமாக நின்ற கரும்பு ஜூஸ் வண்டியில் எங்கள் இடது கண்ணாடி படார் என்று அடித்து மடங்கியது. "இன்னா சார், கண்ணு தெர்லியா? இம்மாம் பெரிய வண்டி நிக்கறது!" என்று ஜூஸ்காரர் கத்தினார். ஆசீர் சார் வண்டியை நிறுத்திவிட்டுத் திகைத்துப்போய், "இது எங்க இருந்து வந்துச்சு மேடம்?" என்றார். அன்று அவருடைய இடது கன்னத்தில் மட்டும் நரைத்த முடி அப்படியே இருந்ததையும் பார்த்தேன். வலது கன்னம் மழமழவென்று இருந்தது.

மறுநாள் ஒரு பொய் சொன்னேன். "சார், கார்ல வந்தா எனக்கு ஒரே குமட்டலா இருக்கு. கொஞ்ச நாள் பஸ்ல போலாமா?" அவர் உடனே சரி என்றார். நடைபாதையில் நடந்தாலும் அவருடைய இடது பக்கத்தில் நான் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். என் குமட்டலுக்காக அவர் தினமும் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "முகர்ந்துகிட்டே வாங்க மேடம், டாக்டரைப் பார்த்தீங்களா? விட்டுடாதீங்க" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். இல்லாத என் நோய்க்கு அவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இருந்த நோயை நான் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்யும்போது விழுந்துவிட்டார். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது வராந்தாவில் ஹெலன் அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்தார், இளம் பெண். "மூளைல பெரிய அடைப்பு. ஆனா இது முதல் தடவை இல்ல. சில வாரத்துக்கு முன்னாடியே சின்னதா ஒண்ணு வந்திருக்கு. இடது பக்கம் இருக்கறது அவர் கவனத்துக்கே வந்திருக்காது. கூட இருக்கிறவங்க யாரும் எதுவும் கவனிக்கலையா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றார் ஹெலன் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன், இல்லை என்று. வியாழக்கிழமை அந்த எட்டாம் எண் அழைப்புக்கு நடுவில் செய்தி வந்தது.

அடக்க ஆராதனைக்குக் கோவளத்திலிருந்து பாஞ்சாலி அக்கா தன் வண்டியில் குடும்பத்தோடு வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "மணி அட்ச்சா ஓடியாந்த ஒரே மன்சன் இவுருதாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்தக் கையை விட்டுவிட்டு ஓடிப்போகலாம் போல இருந்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஹெலன் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. என்னோடு இனி பேசுவாரோ மாட்டாரோ என்ற நடுக்கத்தில் ஏறினேன். இவர் என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், ஒன்றுமே சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டால்? டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எலுமிச்சை, இடது விளக்கு, கரும்பு ஜூஸ் வண்டி, பஸ், டாக்டரிடம் ஆட்டிய தலை. சொல்லி முடிக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தேங்க்ஸ், வசந்தி" என்றார் ஹெலன் அக்கா. "என்ன பார்த்தே, இப்ப மெதுவா சொல்லு."

அதே இரண்டு வாக்கியம். முப்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவர் ஆயிற்றே. மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினார். "சாப்பிடறப்போ தட்டுல வலது பக்கம் இருக்கறத மட்டும் சாப்பிட்டுட்டு எழுந்துக்குவார். இடது பக்கம் சோறு, பொரியல் எல்லாம் அப்படியே இருக்கும். போதுமான்னு கேட்டா, தட்டு காலியாத்தானே இருக்குன்னுவார். நான் ஒண்ணும் சொல்லல. தட்டைத் திருப்பி வச்சேன், வசந்தி. மீதி பாதிய சாப்பிடுவார். மூணு வாரமா ஒவ்வொரு வேளையும் தட்டைத் திருப்பி வச்சேன்."

பிறகு, "டாக்டர் கேட்டப்போ நான் இல்லன்னேன். நீ பக்கத்துல நின்னே. நல்லவேளை, இவளுக்கு எதுவும் தெரியலன்னு நினைச்சேன்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? அந்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. "சீக்கிரம் வந்திருந்தா முயற்சி பண்ண இன்னும் நேரம் கிடைச்சிருக்கும்" என்றார். அந்த 'இன்னும்' என்ற வார்த்தையோடுதான் நான் இனி இருக்க வேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாமா என்று ஹெலன் அக்காவிடம் கேட்டேன். "எழுது. என் தட்டையும் சேர்த்து எழுது. அவர் இருந்தா இதைத்தான் முதல்ல போடச் சொல்லுவார்" என்றார். அதனால் எழுதிவிட்டேன்.

நீலக் கயிறு யார்டில்தான் இருக்கிறது. அதை அவிழ்க்க மேலாளருக்கே மனம் வரவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. ஆசீர் சாரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும்தான். என் குறையை ஒருவர் வந்து சொல்லும்போது அதைச் சொல்ல எனக்கு வருமா என்று சந்தேகமாக இருந்தது.

இன்று காலை, இதை எழுதி முடிக்கும் நேரத்தில், ஹெலன் அக்கா கூப்பிட்டார். "வசந்தி, கோச்சுக்காத. அன்னைக்கு நீ படி ஏறி வரும்போது ரெண்டு தடவை நின்னே. ஜன்னல்ல இருந்து பார்த்தேன். பேசறப்போ இடது தோளை அழுத்திக்கிட்டே இருந்தே. ரெண்டு நாளா சொல்லலாமா வேணாமான்னு எனக்குள்ளயே வச்சுக்கிட்டிருந்தேன்."

ஒண்ணும் இல்லக்கா, வயசாகுது இல்ல என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மென்று முழுங்கினேன். கோபம்கூடக் கொஞ்சம் வந்தது, என் உடம்பைப் பற்றி இவர் ஏன் சொல்கிறார் என்று. அதையும் முழுங்கினேன்.

"தேங்க்ஸ்க்கா" என்றேன். "என்ன பார்த்தீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் சொன்னதை எல்லாம் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நாளைக் காலை பத்தரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஹெலன் அக்காவும் கூட வருகிறார்.